வைப்பர் மோட்டாரில் ஆடிய இலக்கு

பஸ்ஸின் முன்கண்ணாடி வைப்பருக்குப் பின்னால் ஒரு மோட்டார் இருக்கிறது. இரண்டு கைக்குள் அடங்கிவிடும். எத்தனையோ வருடமாக ஒஸ்லோவின் மழையையும் பனிச்சேற்றையும் அது தள்ளித் தள்ளி விலக்குவதைப் பார்த்துக்கொண்டே பஸ் ஓட்டியிருக்கிறேன், ஒருநாளும் அதை நினைத்ததில்லை. அந்த ஓகஸ்டில் கராஜில் கழித்துப் போட்டிருந்த ஒன்றை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி, முதுகுப் பையில் போட்டுக்கொண்டு, வீடிருக்கும் புருசெத்துக்கு வந்தேன். எங்கள் அடுக்குமாடியின் நிலவறையில் வீட்டுக்கொரு கம்பிவலை அறை உண்டு. அதற்குள் இருந்து, மகள் சுட்டுப் பழகுவதற்கு ஓடும் இலக்கு ஒன்று செய்யப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். விசரா என்று கேட்பதுபோலப் பார்த்தாள்.

மகள் அப்போது பதினொரு மாதமாக என்னோடு கதைப்பதில்லை. சொந்தமாகப் பிஸ்டல் வாங்க அவள் கேட்டிருந்த அனுமதி பொலிசில் முடங்கிக் கிடந்தது. முடக்கியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துக் கடைசியில் சொல்லுமளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது.

எனக்குப் பெரிய துவக்கைவிடப் பிஸ்டலுக்குத்தான் பயம். நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் ஷெல் தூரத்திலிருந்து வரும், யாரென்று பாராமல் விழும். பிஸ்டல் சைக்கிளில் வரும். படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும். இன்னார்தானே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளும். எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேர் அப்படி ‘ஓம்’ என்று சொல்லிச் செத்தார்கள். அன்றிலிருந்து யாராவது என் பெயரைக் கேட்டால் எனக்கு முதுகு குளிர்ந்துவிடும். நோர்வேக்கு வந்து முப்பது வருடமாகியும், பொதி கொண்டுவருகிறவன் பெயர் கேட்டால் ஏன் என்று திருப்பிக் கேட்பேன். மனைவிக்கும் மகளுக்கும் இது ஒரு பகிடி.

அப்படிப்பட்டவனின் ஒரே மகள் பத்தொன்பது வயதில் பிஸ்டல் கிளப்பில் சேர்ந்தாள். படிப்புத் தோழி ஒருத்தி கூட்டிக்கொண்டு போனாளாம். கிட்டார், நீச்சல், கராத்தே போல இதுவும் ஆறு மாதத்தில் அலுத்துவிடும் என்று இருந்தேன். அலுக்கவில்லை. வீட்டுத் திறப்பை வாரத்துக்கு இரண்டு தரம் மறக்கிற பிள்ளை, வரவேற்பறையில் தண்ணீர் நிரப்பிய போத்தலை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிமிடக்கணக்கில் அசையாமல் நிற்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். மூன்று வருடத்தில் அவள் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். அடுத்தது தேசிய அணிக்கான தெரிவு என்றார்கள். கிளப்பின் பிஸ்டல் பலர் கை மாறுவது, பிடி அவளுடைய கைக்கு ஒத்துவராது. தன் கைக்கு அளவாகச் செதுக்கிய பிடியோடு சொந்தமாக ஒன்று வேண்டும். அதை இரும்புப் பெட்டியில் பூட்டித் தன் அறையில் வைத்திருப்பாள். அவளுடைய அறைக்கும் எங்கள் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

கத்தினேன். சட்டம் இப்படி, பூட்டு இப்படி, யாரும் தொட முடியாது என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள்.

இதற்கெல்லாம் எங்களிடம் ஒரு பழைய வழி இருக்கிறது, மொட்டைக் கடிதம். கலியாணம் குழப்புவதற்கும், இடமாற்றம் நிறுத்துவதற்கும், பக்கத்து வீட்டு மதிலை இடிப்பிப்பதற்கும் காலம் காலமாகச் செய்துவருவது. பெயர் போடாமல் எழுதுவோம், காரியம் தன்பாட்டில் நடக்கும், எழுதியவன் நல்லவனாகவே இருப்பான். நான் நூலகக் கணினியில் உட்கார்ந்து, அக்கறையுள்ள அயலவன் ஒருவன் எழுதுவதுபோல நோர்வேஜிய மொழியில் எழுதினேன். இந்தப் பிள்ளை பள்ளிக்கூடக் காலத்தில் மனநல வைத்தியரிடம் போய்வந்தது, கோபம் வந்தால் கட்டுக்கடங்காது, கையில் ஆயுதம் கொடுப்பது நல்லதல்ல. இரண்டாவது சுத்தப் பொய். முதலாவது உண்மை. பதினைந்து வயதில் சோதனைப் பயத்தில் நித்திரையின்றித் தவித்தபோது நாலு மாதம் போய்வந்தாள். பிறகு நன்றாகிவிட்டாள்.

(இதையும் நான் பெயர் போடாமல்தான் எழுதுகிறேன். ஆனால் இப்போது மறைப்பது என்னையல்ல.)

நான் நினைத்துப் பார்க்காதது ஒன்று. இந்த நாட்டில் ஒருவரைப் பற்றி எதிராக எழுதி வந்தால், அதை அவரிடமே காட்டிப் பதில் கேட்பார்கள். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரருக்கெல்லாம் நோர்வேயில் ஒளிவுமறைவு இல்லை என்று பெருமையடிக்கிறவன் நான். அந்த ஒளிவுமறைவின்மை என் கடிதத்துக்கும் பொருந்தும் என்று என் மண்டையில் உறைக்கவில்லை.

அதைவிட மோசமானது இன்னொன்று. அச்செடுத்த தாளை மடிக்கும்முன், சட்டைப் பையில் இருந்த பேனா தானாகக் கைக்கு வந்து, தாளின் உச்சியில் ஒரு ‘உ’ போட்டுவிட்டது. பிள்ளையார் சுழி. கடைக்குப் போகும் பட்டியலுக்கும் போடுவேன், லீவு விண்ணப்பத்துக்கும் போடுவேன், யோசித்துப் போடுவதில்லை. பொய்க் கடிதத்துக்குப் பிள்ளையாரைத் துணைக்குக் கூப்பிட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பொலிஸ் மகளுக்கு அனுப்பிய பிரதியில், யாரோ அந்தச் சுழியைச் சுற்றி வட்டமிட்டு ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

மகள் வேலையால் வந்து, நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மேசையில் அந்தப் பிரதியை வைத்தாள். சுழியின்மேல் விரலை வைத்தாள். நான் தலையைக் குனியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்த டொக்டரிட்டை என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தானே, அப்பா.”

அவ்வளவுதான். ஒரு பையில் உடுப்பை அடைத்துக்கொண்டு, லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் வேலைத் தோழியின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பொலிசுக்கும் சொல்லியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். சொல்லாமல் விட என்ன காரணம் இருக்கிறது? பஸ் ஓட்டுகிறவனுக்குப் பொலிஸ் நற்சான்று இல்லாமல் வேலை இல்லை. பொலிசுக்குப் பொய் எழுதினவன் என்று பதிவானால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க மாட்டேன். ஆனால் ஒருவரும் வரவில்லை, ஒரு கடிதமும் வரவில்லை. மனைவி சனிக்கிழமைகளில் சோறும் கறியும் பெட்டிகளில் கட்டிக்கொண்டு லில்லெஸ்ட்ரோமுக்குப் போய்வருவாள். அவள் கொண்டுவந்த செய்தி இதுதான். எழுதியது யாரென்று தெளிவாக வேண்டும், அல்லது விசேட வைத்தியர் ஒருவர் மகளைப் பார்த்துச் சான்று தர வேண்டும், அதுவரை விண்ணப்பக் கோவை நகராது. வைத்தியருக்கான வரிசையோ முடிகிறதாக இல்லை. இன்னுமா தெளிவாகவில்லை என்று நான் என்னையே கேட்டு, நானே ஒரு பதிலும் கண்டுபிடித்தேன். பெற்ற தகப்பனே எழுதியிருக்கிறான் என்று தெரிந்துதான் பொலிஸ் இதைப் பெரிதாக எடுத்திருக்கிறது. மகள் எத்தனை மறுத்தாலும் தகப்பன் வாயால் மறுக்க வேண்டும் என்று காத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் நான் போய், பெயரைச் சொல்லி, எழுதியது பொய் என்று சொன்னால் முடிந்தது. பொலிஸ் நிலையத்துக்கு மூன்று தரம் போனேன். வரிசை இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு கதிரையில் உட்காருவேன். என் இலக்கத்துக்கு முந்தின இலக்கம் வரும்போது எழுந்து வெளியே வந்துவிடுவேன். மூன்றாம் தரம் பஸ் தரிப்பிடத்தில் நின்று என்னையே கெட்ட தூஷணத்தால் திட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற மனிதர் ஒதுங்கிப் போனார்.

இந்த நிலைமையில்தான் மனைவி இன்னொரு செய்தி கொண்டுவந்தாள். ஒக்டோபர் கடைசியில் தெரிவுப் போட்டி. நிற்கும் இலக்கில் மகளை வெல்ல ஆளில்லை. ஓடும் இலக்கில்தான் பின்னடைவு, கிளப்பின் இயந்திரம் பழுதாகி மாதக்கணக்காகிறது. அதைத் திருத்த ஒரு டுக்னாட் கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கே கிளப்பென்றாலும் அடுக்குமாடியென்றாலும் ஒருநாள் எல்லோரும் கூடிச் சம்பளமில்லாமல் வேலை செய்து கொடுப்பது வழக்கம், அதற்குத்தான் அந்தப் பெயர். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் உயிர் வந்தது. பொலிசுக்குப் போகத்தான் என்னால் முடியாது, வேலை செய்ய முடியும். ரொம்சோஸ் மண்டபத்தில் பெண்பிள்ளைகள் பெரியவளான சாமத்திய வீடுகளுக்கு, மேடையில் ஊர்ந்து வரும் அன்னத்தை ரெஜிபோம் நுரை அட்டையில் செய்து கொடுத்தவன் நான். அன்னம் ஊருமென்றால் இலக்கும் ஊரும்.

முதல் இயந்திரம் எனக்குப் பெருமையாக இருந்தது. பஸ்ஸில் கழித்த இரும்புச் சட்டங்களை அளந்து வெட்டி ஒட்டி, தண்டவாளம் போல இரண்டு இரும்புக் கோல் பூட்டி, அதன்மேல் ஒரு சின்ன வண்டி. வண்டியில் அட்டையைச் செருகினால் நாலு மீற்றர் தூரம் போய் வரும். இரண்டு கிழமையாக, வேலை முடிந்து நிலவறைக்கு வந்தால் சாப்பாட்டுக்குத்தான் மேலே போவேன். மகள் இதில் பழகி அணிக்குள் போய்விட்டால், மற்றதெல்லாம் தானாகச் சரிவரும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிஸ்டல் அனுமதி இல்லாமல் அணி எங்கே என்று ஒரு குரலும் கேட்டது. அந்தக் குரல் கேட்டால் அரத்தை இன்னும் அழுத்தித் தேய்ப்பேன்.

மகள் வராத நாளாகப் பார்த்து அதைக் கிளப்புக்குக் கொண்டு போனேன். நிலத்துக்குக் கீழே, குண்டுவீச்சுக்குத் தஞ்சம் புகக் கட்டிய பழைய அறை ஒன்றில்தான் கிளப் இயங்குகிறது. கொங்கிறீற்றுப் படிகளில் இறங்கும்போது வேர்த்துக் கொட்டியது. நாங்கள் வெடிக்குப் பயந்து பங்கருக்குள் ஓடின ஆட்கள். இங்கே வெடி வைப்பதற்கென்றே கலியாண வீட்டுக்குப் போவதுபோல முகமலர்ச்சியோடு பங்கருக்குள் இறங்குகிறார்கள். கிளப் தலைவி இளைப்பாறிய தாதி, என்னைவிட ஒரு தலை உயரம். என் இயந்திரத்தைச் சுற்றி நடந்தார். கதவுப் பிடியைத் தட்டுவதுபோல இரும்புச் சட்டத்தை விரலால் தட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார், சுடுகிறவருக்கு முன்பக்கம் தட்டையான இரும்பு இருக்கக் கூடாது, குண்டு பட்டால் வந்த வழியே திரும்பி வரும் என்று.

யாரிடம் திரும்பி வரும் என்று எனக்கு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளைக்கு உதவுகிறேன் என்று இரண்டு கிழமை கண்விழித்து நான் செய்து கொண்டுவந்தது, அவளுடைய குண்டை அவளுக்கே திருப்பி அனுப்பும் ஒரு சாமான். அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்க முடியவில்லை. தலைவி தன் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, மரத்தில் செய்யலாமே என்றார். நான் இயந்திரத்துக்கு அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

மரத்தில் செய்தேன். வைப்பர் மோட்டாருக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதன் கோல் சுற்றுவதில்லை, போய் வரும். அந்தக் கோலில் நீளமான பலகைத் துண்டொன்றைக் கட்டினால் அது ஆடும். நுனியில் அட்டையை உடுப்புக் கவ்விகளால் பிடித்துவிட்டால், சாய்ந்து மறைவுக்குள் போகும், திரும்ப எழும்பி வரும். மோட்டாரையும் பற்றரியையும் சுவர் மூலைக்குப் பின்னால் குண்டு படாத இடத்தில் வைத்து, உடுப்புக் காயப்போடும் கயிற்றை மர உருளைகளில் ஓட்டி அசைவை நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஒரு வேகத்தில் ஆடினால் கண் பழகிவிடும் என்று தலைவி சொன்னதால், மழைக்கேற்ப வைப்பருக்கு இருப்பதுபோல மூன்று வேகம் வைத்தேன். அட்டைக்குத் தமிழ்க்கடையில் மாம்பழப் பெட்டிகள் வாங்கினேன். தலைவி ஒரு மாதிரி அச்சுத் தந்தார், தலையும் தோளுமாக மனித வடிவம். அதை அட்டையில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தேன். கத்தி வைக்க முடியவில்லை. வட்டமாக வெட்டலாமா என்று கேட்டேன். அவர் எந்த நாடு என்று கேட்டார். பிறகு வட்டம் போதும் என்றார்.

டுக்னாட் ஒரு ஞாயிறு. சிலர் கூட்டினார்கள், சிலர் சுவருக்கு வர்ணம் பூசினார்கள், நான் கயிற்றை இழுத்துக் கட்டினேன். மத்தியானம்போல மகள் வந்தாள். நான் அங்கே இருப்பேன் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. என்னைக் கண்டதும் நேரே தன் இடத்துக்குப் போய்க் காதுமூடியை மாட்டினாள். சோதித்துப் பார்க்க அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பக்கவாட்டில் நின்று, மோட்டாரின் ஆளியை அமத்துவது என் வேலை.

அமத்தினேன். வட்டம் எழும்பி வந்தது. அவள் கையை நீட்டினாள், போத்தலோடு வரவேற்பறையில் நின்ற அதே நிலை. ஒவ்வொரு வெடிக்கும் படிப் பக்கம் ஓடத் தோன்றியது. ஆனால் நான் ஓடவில்லை. அவளைப் பார்த்தேன். நாலு வருடத்தில் முதன்முறையாக, சுடும்போது அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் கோபமும் இல்லை, கொலையும் இல்லை. ஊசியில் நூல் கோர்க்கிறவள் முகம். இந்தப் பிள்ளையைப் பற்றியா அப்படி எழுதினேன்?

அட்டையைக் கழற்றப் போன இடத்தில் அவளும் வந்தாள். பத்தில் எட்டு ஓட்டை. காதுமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, யாருக்கும் கேட்காமல் தமிழில் சொன்னாள்.

“நல்லாச் செய்திருக்கிறியள், அப்பா. ஆனா எனக்குத் தேவை உதில்லை. என்ர சொக்னாட் அங்கை கிடக்குது. நீங்கள் ஒருக்காப் போய் உங்கட பெயரைச் சொன்னால் காணும். அதைச் செய்யாமல் இருக்கத்தான் நீங்கள் இவ்வளவும் செய்யிறியள்.”

விண்ணப்பத்தைத்தான் அப்படிச் சொன்னாள். அலுவல் சம்பந்தமான சொல்லெல்லாம் அவளுக்கு நோர்வேஜியத்தில்தான் வரும். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவள் காதுமூடியைத் திரும்ப மாட்டிவிட்டாள்.

அடுத்த நாள் காலை வேலைக்குச் சுகமில்லை என்று அறிவித்துவிட்டுப் பொலிசுக்குப் போனேன். துண்டை எடுத்தேன். என் இலக்கம் வந்தபோது இரண்டு கையையும் கதிரையில் ஊன்றி எழும்பினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் பெயரைச் சொன்னேன். கேட்கவில்லை என்றாள். திரும்பச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் ஒரு சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, கோவையை எடுத்து வந்தாள்.

நான் பாடமாக்கி வந்ததை ஒப்புவித்தேன். கடிதம் எழுதியது நான், மகளுக்குக் கோபம் கட்டுக்கடங்காது என்று எழுதியது பொய், அவளில் பிழை இல்லை, நான் பயந்தேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டே, அப்படியானால் நீங்கள்தானா, எங்களுக்கு இன்றுவரை தெரியாது என்றாள்.

என் மகள் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

அந்தப் பெண் கோவையில் ஒரு தாளைப் புரட்டி, சரியா பிழையா என்று ஒரு கணம் யோசித்து, என் பக்கம் திருப்பினாள். கடிதத்தை எழுதியவர் யாரென்று தெரியுமா என்று மகளிடம் எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். கீழே மகளின் பதில், இரண்டே வரி. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. என்மேல் உள்ள கோபத்தில் எழுதியதாக நான் நினைக்கவில்லை. அவள் எங்கள் வீட்டைவிட்டுப் போனதற்கு அடுத்த நாள் திகதி.

ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளுடைய அனுமதி அப்போதே வந்திருக்கும். என் வேலை போயிருக்கும். ஒரு வருடமாக அவள் வாயை மூடிக்கொண்டு, பலர் கை மாறும் கிளப் பிஸ்டலால் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ அவள் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்து, ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் அவளை மனதுக்குள் வைதிருக்கிறேன். அந்த இரண்டு வரியையும் திரும்ப வாசித்தேன்.

பெண் தண்ணீர் தந்தாள். இனிக் கோவை நகரும் என்றும், ஆனால் ஒக்டோபருக்குள் முடியுமென்று சொல்ல முடியாதென்றும் சொன்னாள். என்மேல் என்ன நடவடிக்கை என்பதை மேலதிகாரி தீர்மானிப்பார். பிறகு பேனாவை எடுத்து, கடைசியாக ஒரு கேள்வி என்றாள். இதை எழுதியது நீங்கள் என்று உங்கள் மகளுக்குத் தெரிந்திருந்ததா?

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். ஓம் என்றால், பொலிசுக்குப் பொய் எழுதிக் கொடுத்த ஒருத்திதான் பிஸ்டல் கேட்கிறாள் என்றாகும். பிறகு அவளுக்கு எந்த ஒக்டோபரும் இல்லை.

“அவளுக்குத் தெரியாது,” என்றேன். “இன்றைக்கும் தெரியாது.”

அந்தப் பெண் அதை எழுதி, வாசித்துக் காட்டி, தாளை என் முன்னால் நகர்த்தினாள். கீழே என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். உண்மையைச் சொல்லப் போன இடத்தில், பெயர் போட்டு ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தேன். மகள் சொன்ன அதே பொய்.